வளர்ப்புப் பச்சோந்தி இரவில் நன்றாகத் தூங்க: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் பச்சோந்தி வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், பட்டப்பகலில் கண்களை மூடத் தொடங்கியது. மேலே விளக்கு எரிகிறது, எதிரே பூச்சி ஊர்கிறது. அதுவோ கிளையைப் பற்றிக்கொண்டு ஒரு கண்ணைப் பாதி திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொள்கிறது. நோய்தான் என்று முடிவுகட்டி, ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். உடம்பைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அவர் ஒரு கேள்வி கேட்டார்: "இரவில் கூண்டில் என்ன விளக்கு எரிகிறது?"

சிவப்பு விளக்கு. குளிர் தாக்காமல் இருக்கட்டும் என்று, விற்றவர் சொன்னபடி விடிய விடிய எரியவிட்டிருந்தேன். அந்த உயிர் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவே இல்லை.

அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. வெளிச்சத்தைத் திருத்தினால் சூடு இடித்தது, சூட்டைத் திருத்தினால் ஈரப்பதம் இடித்தது. நீங்கள் அந்த இரண்டு மாதத்தைப் படவேண்டாம் என்பதற்காக, எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுபவை ஏமன் பச்சோந்தி, மடகாஸ்கரைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்தி, கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியின் ஜாக்சன் பச்சோந்தி ஆகிய மூன்றும்தான். கீழே வரும் எண்கள் இவற்றுக்கானவை.

1. முதலில் காகிதங்கள்

தூக்கத்துக்கும் காகிதத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். இரவில் எத்தனை டிகிரி குளிர் வேண்டும் என்பது இனத்துக்கு இனம் மாறும். உங்களிடம் இருப்பது எந்த இனம் என்று எழுத்தில் இல்லாவிட்டால், மற்ற எல்லாமே ஊகமாகிவிடும். வாங்கும்போதே இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- இனத்தின் பெயர், பாலினம், பிறந்த தேதி ஆகியவை எழுதப்பட்ட ரசீது
- கூண்டில் பிறந்து வளர்ந்தது என்பதற்கான சான்று
- வேறு நாட்டிலிருந்து வந்ததென்றால், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதியின் நகல். இந்த மூன்று இனங்களும் அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன
- உங்கள் நாட்டுச் சட்டம் உரிமம் கேட்டால், அந்த உரிமம்

காட்டில் பிடித்த பச்சோந்தியை வாங்கவே வாங்காதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். அதோடு, காட்டிலிருந்து வந்தவை பெரும்பாலும் வயிற்றுப் புழுக்களோடும், வழியில் பட்ட அலைச்சலோடும் வருகின்றன. எவ்வளவு நல்ல கூண்டு வைத்தாலும் இரவில் அவை நிம்மதியாக அடங்குவதில்லை.

இதோடு நீங்களே ஒரு தாள் தொடங்குங்கள். எலும்பு வலுவுக்குத் தேவையான புற ஊதா விளக்கை மாட்டிய தேதி, விளக்கு அணையும் நேரம், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, காலையில் கண் திறந்த நேரம் என்று நாளுக்கு ஒரு வரி போதும். முதல் முறை மருத்துவரிடம் போனபோது என்னிடம் இந்தத் தாள் இல்லை. அவர் கேட்ட பத்துக் கேள்விகளில் இரண்டுக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

2. கூண்டு நிற்கும் இடம்

ஆள் நடமாட்டம் குறைந்த அறை, இரவில் சீக்கிரம் விளக்கணைக்கும் அறை. இந்த இரண்டும் அமைந்தால் பாதி வேலை முடிந்தது. தொலைக்காட்சி இருக்கும் கூடம் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஒலிபெருக்கி ஆகியவற்றின் பக்கத்திலும் வைக்காதீர்கள். பச்சோந்திக்குக் காது மந்தம்தான், ஆனால் கிளை வழியாக வரும் அதிர்வை நன்றாக உணரும்.

கூண்டைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள். அது தூங்கும் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். மேலிருந்து வருவதெல்லாம் பச்சோந்திக்குப் பறவை, அதாவது எதிரி. வளர்ந்த ஏமன் அல்லது பேந்தர் பச்சோந்திக்கு 60 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம், 120 சென்டிமீட்டர் உயரம் என்பதைக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூண்டுக்கு ஒரே பச்சோந்தி. இரண்டு கூண்டுகள் இருந்தால் ஒன்று மற்றொன்றின் கண்ணில் படக் கூடாது. பட்டால், விளக்கணையும் வரை இரண்டும் விறைத்துக்கொண்டே நிற்கும்.

3. டைமர்: கையால் அணைக்கும் பழக்கம் வேண்டாம்

பன்னிரண்டு மணி நேரம் பகல், பன்னிரண்டு மணி நேரம் இரவு. காலை 7 மணிக்கு எரிந்து மாலை 7 மணிக்கு அணைவது வசதியாக இருக்கும். உங்கள் அன்றாடத்துக்கு ஏற்ப ஒரு மணி நேரம் முன்பின் இருக்கலாம், ஆனால் இன்று 7, நாளை 10 என்று மாறக் கூடாது. நாம் மறப்போம், வெளியே போய்விடுவோம், விருந்தினர் வருவார்கள். அதனால்தான் டைமர்.

இரண்டு டைமர்கள் வாங்குங்கள். பச்சோந்தி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் வெயில் காயும் விளக்குக்கு ஒன்று, புற ஊதா விளக்குக்கும் வெளிச்சத்துக்குமாக இன்னொன்று. வெயில் காயும் விளக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாகவே அணையட்டும். சூடு இறங்கத் தொடங்கியதும் பச்சோந்தி தானாகவே இரவுக் கிளையை நோக்கி நகரும். எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால், கூண்டின் நடுவழியில், பாதி ஏறிய நிலையில் இருட்டில் மாட்டிக்கொள்ளும். என் பச்சோந்தி இரண்டு இரவுகள் கம்பி வலையில் நகங்களை மாட்டித் தொங்கியபடியே தூங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது டைமர் வாங்கினேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சக்கரம் சுழலும் சாதாரண டைமர், மின்சாரம் போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் அன்றைய இரவும் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். நாலைந்து மின்வெட்டுகளுக்குப் பிறகு உங்கள் பச்சோந்தி நள்ளிரவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே மின்கலம் வைத்த டிஜிட்டல் டைமரே நல்லது. வாரம் ஒருமுறை அதன் கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

4. இருட்டு என்றால் முழு இருட்டு

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

"சிவப்பு வெளிச்சம் ஊர்வனவற்றின் கண்ணுக்குத் தெரியாது" என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் நம்பினேன். அது தவறு. பச்சோந்தி பகலில் வாழும் உயிர், நிறங்களை நம்மைவிட நுட்பமாகப் பிரித்தறியும். சிவப்பும் அதற்குத் தெரியும். நீலம், ஊதா நிற "நிலா விளக்குகளும்" அப்படியே. இரவில் எரியும் எந்த நிற விளக்கும் அதற்குத் தேவையில்லை. உங்களிடம் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.

கண் மட்டும் அல்ல, தோலும் வெளிச்சத்துக்கு அசையும். சிவப்பு விளக்கைக் கழற்றிய சில நாட்களில், அது உயிரோடுதான் இருக்கிறதா என்ற பதற்றத்தில் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். வால் சுருட்டப்பட்டிருந்தது. கண் மேடுகள் சற்று உள்வாங்கியிருந்தன. பகலில் அடர்பச்சையாக இருக்கும் உடம்பு, இளம் வாழைக்குருத்துப் போல வெளிறியிருந்தது. தூங்கும் பச்சோந்திக்கு அதுதான் இயல்பான நிறம். பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு மூன்று நிமிடங்களில், வெளிச்சம் விழுந்த விலாப்பகுதி மட்டும் கருக்கத் தொடங்கியது. நடுவே இருந்த இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் வெளிறியபடியே இருக்க, அதன் உடம்பில் ஓர் இலை வரைந்தது போல் ஆயிற்று. கண்கள் மூடித்தான் இருந்தன. அன்றோடு இரவில் விளக்கடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். இரவு விளக்கணைந்து கால் மணி நேரம் கழித்து, அந்த அறையில் கூண்டின் பக்கத்தில் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். தெளிப்பான் பெட்டியின் பச்சைப் புள்ளி, இணையக் கருவியின் நீலச் சிமிட்டல், கதவிடுக்கு, தெருவிளக்கு. சிறு புள்ளிகளைக் கறுப்பு டேப்பால் ஒட்டுங்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். கதவிடுக்கில் ஒரு துணியைச் சுருட்டி வையுங்கள்.

அந்த அறையிலேயே நீங்களும் இரவு வெகுநேரம் விழித்திருக்க வேண்டியிருந்தால், கூண்டின் உங்கள் பக்கத்தை மட்டும் அடர்ந்த துணியால் மறையுங்கள். நான்கு பக்கமும் மேற்புறமும் சேர்த்து மூடாதீர்கள், காற்று நின்றுவிடும். வெயில் காயும் விளக்கு முழுவதும் ஆறிய பிறகே துணியைத் தொங்கவிடுங்கள், காலையில் அது எரிவதற்கு முன் எடுத்துவிடுங்கள். சூடான விளக்கின் மேல் கிடக்கும் துணி தீப்பிடிக்கும்.

இரவில் கண்காணிக்கத்தான் வேண்டும் என்றால் அகச்சிவப்புக் கேமரா வைக்கலாம். 940 நானோமீட்டர் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 850 நானோமீட்டர் வகை, இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளியாக ஒளிரும்.

5. இரவின் குளிர்ச்சி

வெளிச்சத்துக்கு அடுத்தபடி தூக்கத்தைக் கெடுப்பது, நாம் அன்பினால் கொடுக்கும் சூடு. இரவில் உடம்பு குளிர்ந்தால்தான் பச்சோந்தியின் இயக்கம் மெல்லத் தணியும். ஏமன், பேந்தர் வகைகளுக்கு 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் சுகமான இரவு. ஜாக்சன் மலைக்குளிரில் பிறந்த இனம். 10 முதல் 16 டிகிரி வரை இறங்குவது அதற்கு நல்லது. பகலைவிட இரவு குறைந்தது ஐந்தாறு டிகிரியாவது குறைய வேண்டும்.

சாதாரணமாக மனிதர்கள் தூங்கும் அறையில் ஏமன் பச்சோந்திக்குக் கூடுதல் சூடு தேவைப்படுவதில்லை. இரவில் 15 டிகிரிக்குக் கீழே போகும் இடமென்றால் மட்டும், வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றியை, குறித்த சூட்டைத் தொட்டதும் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து, கூண்டுக்கு வெளியே மேற்புறத்தில் பொருத்துங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருபோதும் வேண்டாம். மின்சாரத்தால் சூடாகும் சூட்டுக்கல்லும் வேண்டவே வேண்டாம். வயிறு வெந்துபோகும் அளவு சூடானாலும் பச்சோந்தி அதைவிட்டு நகராமல் கிடக்கும்.

வெப்பமான ஊரில் இருப்பவர்களுக்குச் சிக்கல் எதிர்ப்பக்கம். வீட்டிலேயே மிகக் குளிர்ந்த அறையைக் கொடுங்கள், பகல் விளக்குகளின் வாட்டைக் குறையுங்கள், இரவில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறியும் குளிர்சாதனமும் அறையைக் குளிர்விக்கலாம். ஆனால் காற்று கூண்டின் மேல் நேரே அடிக்கக் கூடாது.

அளப்பதற்கு, குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் நினைவில் வைக்கும் தெர்மாமீட்டரை வாங்குங்கள். அதைத் தூங்கும் கிளைக்குப் பக்கத்தில் வையுங்கள். அறைச் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணும் கூண்டுக்குள் இருக்கும் எண்ணும் ஒன்றல்ல.

6. தூங்கும் கிளை

பச்சோந்தி தூங்கும் இடத்தை அதுவே தேர்ந்தெடுக்கும். நாம் தெரிவுகளைக் கொடுத்தால் போதும். காட்டில் அது மெல்லிய கிளையின் நுனிக்குப் போய்த் தூங்கும். பாம்பு ஏறி வந்தால் நுனி ஆடும், உடனே விழித்துக் கீழே குதித்துவிடும். கூண்டுக்குள் எதிரி இல்லை என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

பென்சில் தடிமனிலிருந்து கட்டைவிரல் தடிமன் வரை, கிடைமட்டமாகவும் சாய்வாகவும் கிளைகளைக் கட்டுங்கள். பிளாஸ்டிக் குழாயோ வழவழப்பான குச்சியோ வேண்டாம், பிடி வழுக்கும். மேல் மூன்றில் ஒரு பங்கில், இலைகள் அடர்ந்த இடத்தில் குறைந்தது இரண்டு மெல்லிய கிளைகள் இருக்கட்டும். கிளையின் நுனி ஆடலாம், கட்டிய இடம் ஆடக் கூடாது.

ஓரிரு வாரங்களில் அது ஒரே இடத்துக்குத் தினமும் போவதைக் காண்பீர்கள். அந்த இடம் கிடைத்த பிறகு அதைத் தொடாதீர்கள். செடி வளர்ந்து அழகு கெடுகிறதே என்று அந்தக் கொப்பை ஒருநாள் நறுக்கிவிட்டேன். நான்கு இரவுகள் விளக்கணைந்த பிறகும் அது கூண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

7. மாலையில் பூச்சி வேண்டாம்

விளக்கு எரிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, உடம்பு சூடான பிறகு தீனி கொடுங்கள். தின்றது செரிக்கச் சூடு வேண்டும். விளக்கணைவதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் எதுவும் கொடுக்காதீர்கள்.

மிஞ்சிய பூச்சிகளை மாலைக்குள் எண்ணி எடுத்துவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். பகலில் பச்சோந்தி சில்வண்டைத் தின்கிறது, இரவில் பசித்த சில்வண்டு தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கிறது. ஒரு காலையில் என்னுடையதன் பின்கால் விரல் ஓரத்தில் கடுகளவு காயம் இருந்தது. கூண்டின் அடியில், செடித் தொட்டிக்குப் பின்னால் மூன்று சில்வண்டுகள் ஒளிந்திருந்தன. அன்று முதல் ஆழமான வழுவழுப்பான கிண்ணத்தில் வைத்துத்தான் கொடுக்கிறேன். எத்தனை போட்டோம், எத்தனை மிச்சம் என்பது தெரிந்துவிடும்.

8. இரவு ஈரம்

காட்டில் இரவில் பனி இறங்கும், காலையில் இலையில் துளி நிற்கும், பகலில் எல்லாம் காய்ந்துவிடும். கூண்டிலும் அதே ஒழுங்கு. பகலில் 40 முதல் 50 சதவீதம், இரவில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் பச்சோந்தி மூச்சு வழியாக இழக்கும் நீர் குறைகிறது. காலையில் விளக்கு எரிவதற்குச் சற்று முன் இரண்டு நிமிடம் தெளியுங்கள், மாலையில் விளக்கணையும் நேரத்தில் ஒருமுறை தெளியுங்கள். தூங்கிய பிறகு கையால் தெளிக்கப் போகாதீர்கள், விழித்துவிடும்.

நீரை மெல்லிய மூடுபனியாக விடும் பனிப்புகைக் கருவி வைப்பவர்கள் ஒரு விதியை மறக்க வேண்டாம். குளிர்ந்த இரவில் மட்டுமே புகை, காற்று ஓடும் வலைக்கூண்டில் மட்டுமே புகை. சூடும் ஈரமும் சேர்ந்து காற்று தேங்கினால் நுரையீரலில் கிருமி பற்றும். இரவு வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இருந்தால் கருவியை அணைத்தே வையுங்கள். காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள், வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவிக் காயவையுங்கள்.

9. செலவு: எதில் கை தாராளம், எதில் இறுக்கம்

புற ஊதா விளக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். டி5 வகை நீளக்குழல் விளக்கு வேண்டும். சுருள் வடிவச் சிறு விளக்கு, வளர்ந்த பச்சோந்தியின் கூண்டுக்குப் போதாது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் புற ஊதா அளவு நாளடைவில் தேய்ந்துவிடும். அளக்கும் மானி இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். தாளில் தேதி எழுதச் சொன்னது இதற்காகத்தான். புற ஊதா குறைந்தால் எலும்பு மெலியும், எலும்பு மெலிந்தால் இரவில் கிளையைப் பற்றிய பிடி நழுவும்.

அடுத்து டைமர்கள், தெர்மாமீட்டர், ஈரப்பதமானி. இவை ஒருமுறைச் செலவு. ஆண்டுதோறும் வருபவை விளக்கு, மருத்துவர் கட்டணம், மலப் பரிசோதனை, வடித்த நீர். நிற விளக்குகள், சூட்டுக்கல், அலங்காரக் கொடிகள் ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பனிப்புகைக் கருவியைக்கூட முதல் ஆறு மாதம் தள்ளிப்போடலாம்.

10. எது இயல்பு, எப்போது மருத்துவர்

புதிதாக வந்த பச்சோந்தி முதல் ஒன்று அல்லது இரண்டு வாரம் இடம் மாறி மாறித் தூங்கும். பொறுத்திருங்கள். அந்த நாட்களில் கையில் எடுக்காதீர்கள். சிவப்பு விளக்கை எடுத்த பிறகு என்னுடையது பகலில் கண் மூடுவதை நிறுத்தப் பத்து நாட்கள் ஆயின. வெளிறிய நிறம், சுருண்ட வால், மூடிய கண்கள், தலை தாழ்ந்த நிலை, விளக்கு எரிந்து அரை மணி நேரத்துக்குள் கண் திறப்பது ஆகியவை நல்ல தூக்கத்தின் அடையாளங்கள். விளக்கணைவதற்குச் சிறிது நேரம் முன்பே கண் மூடினாலும் கவலை இல்லை.

வளர்ந்த ஏமன் அல்லது பேந்தர் பெண் பச்சோந்தி (ஜாக்சன் குட்டி போடும் இனம்) இரவிலும் அலைந்தால், அடியில் தோண்டினால், முட்டையிடும் நேரமாக இருக்கலாம். ஏமன் பெண் ஆணோடு சேராமலேயே முட்டையிடும். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டி எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். சுரங்கத்துக்குள்ளேயே அது இரவைக் கழித்தால் எட்டிப் பார்க்காதீர்கள். தொந்தரவு செய்தால் தோண்டியதை விட்டுவிட்டு முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. தோண்டவும் முடியாமல் சோர்ந்து கிடந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கீழே சொல்பவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாள் கடத்த வேண்டாம்:

- வெளிச்சம், சூடு எல்லாம் சரியாக இருந்தும் பகலில் ஒரு கண்ணையோ இரண்டு கண்களையோ மூடியே வைத்திருப்பது
- தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி தூங்குவது. மூச்சில் சொடுக்குச் சத்தம் கேட்பது
- கூண்டின் தரையில் தூங்குவது
- இரவில் கிளையிலிருந்து விழுவது, கால் வளைந்து தெரிவது
- காலைக் கழிவில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமாக இருப்பது, பகலிலும் கண் மேடுகள் குழிந்திருப்பது

போகும்போது முதல் படியில் சொன்ன காகிதங்கள், அன்றாடத் தாள், பகல் வெளிச்சத்தில் எடுத்த கூண்டின் படம், ஒரு சிறு டப்பாவில் புதிய கழிவு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். காற்றுத்துளை உள்ள பெட்டிக்குள் பிடித்துக்கொள்ள ஒரு கிளையைக் குறுக்கே கட்டி, பெட்டியைத் துணியால் மறைத்துக் கொண்டுபோங்கள். மருத்துவரிடம் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்து வெயில் காய்ந்து, தண்ணீர் குடித்து, விளக்கணைவதற்குள் தன் கிளைக்கு ஏற அதற்கு நேரம் கிடைக்கும்.